அடுக்களைத் தீயும் அதன் கணக்கும்

விடியற்காலையிலே நம் இல்லங்களில் முதன்முதல் நிகழும் இரசாயனத் தாக்கம் அடுப்பு மூட்டுதலாகும். வாயு அடுப்பின் திருகியைத் திருப்பியதும் நீலச் சுவாலை எழுகின்றது. அதன்மேற் கேத்தல் ஏறுகின்றது. சில நிமிடங்களில் நீர் கொதிக்கின்றது. தீயின் பயனை அறியாதார் எவருமிலர். ஆயின், அத்தீ எவ்வளவு வெப்பத்தைத் தருகின்றது, எரித்துப் பாராமலே அதனை முன்கூட்டிக் கணித்தல் இயலுமா, கடதாசியிற் சரியாக வந்த கணக்கு அடுப்பங்கரையில் ஏன் பிசகுகின்றது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இவை பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடும் வினாக்களல்ல. 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதியில் எரிபொருள் தடை நிலவிய ஆண்டுகளில், மண்ணெண்ணெயைச் சிறு போத்தல்களில் அளந்து வாங்கி, அதன் ஒவ்வொரு துளியையும் எண்ணிச் செலவிட்டவர் நம் பழைய மாணவரிற் பலர். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளிலும் அடுக்களை வாயு தீப்பற்றிய விபத்துகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 2022ஆம் ஆண்டில் வாயுவுக்கும் எண்ணெய்க்கும் நாடெங்கும் மக்கள் நெடுநேரம் வரிசையில் நின்றனர். இம்மூன்று காலங்களிலும் எரிபொருளின் வெப்பத்தைப் பற்றிய தெளிவு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டியதாயிருந்தது.

எரிதல் என்பது யாது?

எரியும் பொருளினுள்ளே ஒருவகைத் தீப்பொருள் உறைந்திருக்கின்றது என்றும், எரியும்போது அது வெளியேறிவிடுகின்றது என்றும் பதினெட்டாம் நூற்றாண்டின் இரசாயனர் பலர் நம்பினர். பிரான்சு தேசத்து இலவோசியர் (1743–1794) அக்கொள்கையைத் தகர்த்து, எரிதலென்பது ஒட்சிசனோடு சேர்தலே என நிறுவினார். 1782–83 மாரிகாலத்தில் அவரும் கணித வல்லுநரான இலாப்பிளாசும் (1749–1827) பனிக்கட்டிக் கலோரிமானி என்னும் கருவியைக் கொண்டு வெப்பத்தை அளந்தனர். எரியும் பொருளைச் சுற்றிப் பனிக்கட்டியை நிரப்பி, உருகி வடிந்த நீரை நிறுப்பதே அவர்தம் முறை. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 334 யூல் வெப்பம் வேண்டும். ஆதலின் வடிந்த நீரின் நிறை தெரியின் வெளிப்பட்ட வெப்பமும் தெரியும். கண்ணுக்குப் புலனாகாத வெப்பம் தராசிலே நிறுக்கப்பட்டமை விஞ்ஞான வரலாற்றில் ஒரு பெருநிகழ்ச்சியாகும்.

நாம் எரிக்கும் வாயுவும் மண்ணெண்ணெயும் பெற்றோலும் பெரும்பாலும் ஐதரோக்காபன்களே. காபன், ஐதரசன் என்னும் இரு மூலகங்களால் மட்டும் ஆன சேர்வைகளை ஐதரோக்காபன் என்போம். இவை முற்றாக எரியும்போது காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகவும், ஐதரசன் முழுவதும் நீராகவும் மாறுகின்றன. கணக்கின் முதற்படி இம்மாற்றத்தைச் சமப்படுத்தி எழுதுவதாகும்.

அடுக்களை வாயுவின் இரு கூறுகளுள் ஒன்றாகிய புரொப்பேனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு ஒன்றில் 3 காபன் அணுக்களும் 8 ஐதரசன் அணுக்களும் உள்ளன. 3 காபன் அணுக்களுக்கு 6 ஒட்சிசன் அணுக்கள் வேண்டும். 8 ஐதரசன் அணுக்கள் 4 நீர் மூலக்கூறுகளாதற்கு மேலும் 4 ஒட்சிசன் அணுக்கள் வேண்டும். ஆகப் பத்து அணுக்கள். அதாவது 5 ஒட்சிசன் மூலக்கூறுகள். ஆகவே,

ஒரு மூல் புரொப்பேன் + 5 மூல் ஒட்சிசன் → 3 மூல் காபனீரொட்சைட்டு + 4 மூல் நீர்

என எழுதலாம். ஒரு மூல் புரொப்பேனின் நிறை 44.1 கிராம் என்பதை நினைவிற் கொள்க.

எசுவின் விதி

வெப்பத்தைக் கணித்தற்கு அடிப்படையாயமைந்த விதியை 1840ஆம் ஆண்டில் வெளியிட்டவர், செனீவாவிற் பிறந்து இரசியாவின் சென் பீற்றர்சுபேர்க்கு நகரிற் பணியாற்றிய எசு (1802–1850) என்பார். ஒரு தாக்கம் ஒரே படியில் நிகழினும் பல படிகளில் நிகழினும், தொடக்கநிலையும் முடிவுநிலையும் மாறாதிருப்பின் வெளிவிடப்படும் மொத்த வெப்பம் மாறாது என்பது அவ்விதி. மாயர் 1842ஆம் ஆண்டிலும் யூல் 1843ஆம் ஆண்டிலும் சத்திக் காப்பைப் பற்றிய தம் கருத்துகளை வெளியிடுமுன்னரே எசு இதனைக் கண்டறிந்தமை குறிப்பிடத்தக்கது.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஒருவர் எவ்வழியாற் சென்றாலும், அவர் அடையும் உயர வேறுபாடு ஒன்றே. வழியிலே எத்தனை பள்ளங்களில் இறங்கி எத்தனை மேடுகளில் ஏறினார் என்பது இறுதிக் கணக்கைப் பாதியாது. வெப்பக் கணக்கும் இத்தகையதே. ஆதலின், உண்மையில் நிகழும் வழி எதுவாயினும், நமக்குக் கணிப்பதற்கு எளிதான ஒரு கற்பனை வழியை அமைத்துக்கொள்ளலாம்.

அக்கற்பனை வழி இது: முதலிற் புரொப்பேனைத் தூய காபனாகவும் ஐதரசனாகவும் பிரித்துவிடுவோம், பின்னர் அம்மூலகங்களைத் தனித்தனியே எரிப்போம். 25 பாகை செல்சியசில் ஒரு மூல் காபன் எரிந்து காபனீரொட்சைட்டாகும்போது 393.5 கிலோயூல் வெளிப்படும். ஒரு மூல் ஐதரசன் எரிந்து திரவ நீராகும்போது 285.8 கிலோயூல் வெளிப்படும். மூலகங்களிலிருந்து ஒரு மூல் புரொப்பேன் உண்டாகும்போது 103.8 கிலோயூல் வெளிப்படும். ஆதலின் அதனை மீண்டும் மூலகங்களாகப் பிரித்தற்கு அதே 103.8 கிலோயூலை நாம் கொடுத்தல் வேண்டும். இனிக் கூட்டிப் பார்ப்போம்:

3 மூல் காபன் எரிவதாற் கிடைப்பது: 3 × 393.5 = 1180.5 கிலோயூல்
4 மூல் ஐதரசன் எரிவதாற் கிடைப்பது: 4 × 285.8 = 1143.2 கிலோயூல்
இரண்டின் கூட்டுத்தொகை: 2323.7 கிலோயூல்
பிரித்தற்குக் கொடுத்தது: 103.8 கிலோயூல்
எஞ்சுவது: 2219.9 கிலோயூல்

ஆகவே ஒரு மூல் புரொப்பேன் தரும் வெப்பம் ஏறத்தாழ 2220 கிலோயூலாகும். கலோரியைக் கொண்டு பயின்ற மூத்த பழைய மாணவர் இதனை 531 கிலோகலோரி எனக் கொள்க. ஒரு கலோரி 4.184 யூலுக்குச் சமம்.

ஈற்றிற் கழித்தலைச் செய்ய மறப்பதே மாணவர் பெரும்பாலும் விடும் பிழை. முற்பணம் பெற்றுக்கொண்ட தொழிலாளிக்கு மாத முடிவில் அத்தொகையைக் கழித்தே சம்பளம் கொடுக்கப்படுகின்றது. புரொப்பேனும் தான் உண்டானபோதே 103.8 கிலோயூலை வெளிவிட்டுவிட்டது. அதனை எரியும்போது மீண்டும் தர இயலாது. குறியீடு பற்றியும் ஒரு சொல். பழைய பாடநூல்கள் வெளிப்படும் வெப்பத்தைச் சமன்பாட்டின் வலப்புறத்தில் நேர்க்குறியோடு எழுதின. இக்கால நூல்கள் தொகுதி இழந்த வெப்பமெனக் கொண்டு எதிர்க்குறியோடு எழுதுகின்றன. தந்தையின் குறிப்பேட்டையும் மகனின் குறிப்பேட்டையும் ஒப்பிடுவோர் குறி மாறியிருப்பது கண்டு மயங்கவேண்டியதில்லை, கருத்து ஒன்றே.

பிணைப்புகளைக் கொண்டு கணித்தல்

வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதை வேறொரு முறை இன்னும் தெளிவாகக் காட்டும். அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகளை முறிப்பதற்குச் சத்தி செலவாகும். புதிய பிணைப்புகள் உண்டாகும்போது சத்தி வெளிப்படும். எளிய ஐதரோக்காபனாகிய மெதேனை நோக்குவோம். அதன் மூலக்கூறு ஒன்றில் 4 காபன்–ஐதரசன் பிணைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலுக்கு 413 கிலோயூல் வேண்டும். அது எரிதற்கு இரண்டு ஒட்சிசன் மூலக்கூறுகள் வேண்டும். ஒவ்வொன்றின் பிணைப்பையும் முறிக்க 498 கிலோயூல் வேண்டும். ஆகவே முறித்தற்செலவு 1652 + 996 = 2648 கிலோயூல். உண்டாவனவோ காபனீரொட்சைட்டில் ஒவ்வொன்றும் 799 கிலோயூல் பெறுமதியான இரண்டு இரட்டைப் பிணைப்புகளும், இரண்டு நீர் மூலக்கூறுகளில் ஒவ்வொன்றும் 463 கிலோயூல் பெறுமதியான நான்கு பிணைப்புகளுமாகும். வரவு 1598 + 1852 = 3450 கிலோயூல். வரவிலிருந்து செலவைக் கழிக்க 802 கிலோயூல் எஞ்சும்.

எரிபொருளின் பிணைப்புகளிலே வெப்பம் பொதிந்திருக்கின்றது என்று பொதுவாகச் சொல்லப்படும் கூற்று முற்றும் சரியன்று என்பது இதனாற் புலனாகின்றது. பிணைப்பை முறித்தல் யாண்டும் செலவே. புதிதாக உண்டாகும் காபன்–ஒட்சிசன், ஐதரசன்–ஒட்சிசன் பிணைப்புகள் பழையவற்றிலும் வலியன. அவ்வேறுபாடே வெப்பமாக வெளிப்படுகின்றது. பிணைப்புச் சத்திகள் பல சேர்வைகளுக்குரிய சராசரிப் பெறுமானங்களாதலின், இம்முறை பெரிய மூலக்கூறுகளுக்குச் சிறிது பிழைபட்ட விடையைத் தரும். எசுவின் முறையே நுட்பமானது.

கணித்த விடையைச் சரிபார்க்கும் கருவி குண்டுக் கலோரிமானி. பிரான்சு தேசத்துப் பேத்தலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை உருவாக்கினார். தடித்த உருக்குக் கலமொன்றில் எரிபொருளை இட்டு, அமுக்கமுடைய ஒட்சிசனால் நிரப்பி, மின்னோட்டத்தாற் பற்றவைத்து, கலத்தைச் சூழ்ந்த நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கின்றது என அளப்பர். மூடிய கலத்திற் கனவளவு மாறாது. திறந்த அடுப்பில் அமுக்கமே மாறாது. ஆதலின் இரண்டினதும் பெறுமானங்களிடையே சிறு வேறுபாடு உண்டு. மெதேனுக்கு அது மூலுக்கு ஏறத்தாழ 5 கிலோயூல் மட்டுமே.

எவ்வளவுக்கு எவ்வளவு?

எசுவின் முறைப்படி முதல் நான்கு ஐதரோக்காபன்களின் தகன வெப்பத்தை மூலுக்குக் கணித்தால், மெதேன் 890, எதேன் 1560, புரொப்பேன் 2220, பியூட்டேன் 2877 கிலோயூல் எனக் கிடைக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு காபன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் கூடுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 660 கிலோயூல் கூடுகின்றது. இவ்வொழுங்கைக் கொண்டு பியூட்டேனே சிறந்த எரிபொருள் எனச் சொல்லலாமா?

ஒரு கிராமுக்கு எவ்வளவு எனக் கேட்போமாயின் வரிசை தலைகீழாகிவிடும். மெதேன் 55.5, எதேன் 51.9, புரொப்பேன் 50.3, பியூட்டேன் 49.5 கிலோயூல். காரணம் எளிது. ஒரு கிராம் ஐதரசன் 141.8 கிலோயூலைத் தருகையில் ஒரு கிராம் காபன் 32.8 கிலோயூலை மட்டுமே தரும். மெதேனின் நிறையில் நாலிலொரு பங்கு ஐதரசன். பியூட்டேனில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கே. சங்கிலி நீள நீள ஐதரசனின் பங்கு குறைந்து, வெப்பமும் ஒரு கிராமுக்கு 47 கிலோயூலை அண்மித்து நின்றுவிடும். நீண்ட சங்கிலிகளின் கலவையான மண்ணெண்ணெய் ஏறத்தாழ 46 கிலோயூலைத் தருவது இதனாலேயாம்.

ஒட்சிசனை ஏற்கெனவே தன்னுட் கொண்ட பொருள் இன்னும் குறைவாகத் தரும். எதேன் கிராமுக்கு 51.9 கிலோயூலைத் தர, அதே காபனும் அதே ஐதரசனும் ஓர் ஒட்சிசன் அணுவும் கொண்ட எதனோல் 29.7 கிலோயூலையே தருகின்றது. விறகின் பெரும்பகுதியான செலுலோசும் இவ்வாறு ஒட்சிசன் மிகுந்தது; அதனால் நன்கு உலர்ந்த விறகும் கிராமுக்கு 16 தொடக்கம் 18 கிலோயூல் வரையே தரும்.

ஆகவே, எந்த எரிபொருள் கூடிய வெப்பம் தரும் என்னும் வினாவுக்கு, மூலுக்கா, கிராமுக்கா, லீற்றருக்கா என்று கேட்டறியும் வரை விடையில்லை. வாணிகத்தில் இவ்வேறுபாடு பணமாக மாறும். நிறையிற் புரொப்பேன் சற்று மேம்பட்டதாயினும், திரவநிலையில் அது பியூட்டேனிலும் அடர்த்தி குறைந்தது. 25 பாகையில் ஒரு லீற்றர் திரவப் புரொப்பேன் ஏறத்தாழ 490 கிராமும், திரவப் பியூட்டேன் ஏறத்தாழ 570 கிராமும் நிறையுடையன. எனவே லீற்றர்க் கணக்கில் வாங்குவோர்க்குப் புரொப்பேன் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு குறைந்த வெப்பத்தையே தரும். கிலோகிராமில் வாங்குவோர்க்கு அத்தகைய இழப்பு இல்லை. சிலிண்டரின்மேல் எழுதப்பட்ட எண்ணோடு அலகையும் வாசித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நீராவியில் ஒளிக்கும் வெப்பம்

மேலே கூறிய பெறுமானங்கள், உண்டாகும் நீர் திரவமாகக் குளிர்ந்துவிடுகின்றது என்னும் எடுகோளில் அமைந்தவை. அடுப்பிலோ நீர் ஆவியாகவே வெளியேறுகின்றது. ஒரு மூல் நீராவி தன்னுடன் ஏறத்தாழ 44 கிலோயூலைக் கொண்டுசெல்லும். புரொப்பேனிலிருந்து 4 மூல் நீர் உண்டாதலின் 176 கிலோயூல் கைவிட்டுப்போக, எஞ்சுவது 2044 கிலோயூல், கிராமுக்கு 46.3 கிலோயூல். முன்னையதை மொத்த வெப்பப் பெறுமானம் என்றும், இதனைத் தேறிய வெப்பப் பெறுமானம் என்றும் கூறுவர். மெதேனுக்குப் பிணைப்பு முறையால் 802 வந்ததும், எசுவின் முறையால் 890 வந்ததும் இதனாலேயே. பிணைப்புக் கணக்கு நீராவிக்குரியது. இரண்டின் வேறுபாடாகிய 88 என்பது 44இன் இருமடங்கேயாம்.

12.5 கிலோகிராம் வாயு முற்றாக எரிந்தால் உண்டாகும் நீரின் நிறை ஏறத்தாழ 20 கிலோகிராம் என்று சொன்னால் பலர் நம்பார். உண்டாகும் காபனீரொட்சைட்டோ ஏறத்தாழ 37 கிலோகிராம். சிலிண்டர் வெறுமையாகும்போது ஒன்றும் அழிந்துவிடவில்லை. காற்றின் ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டு நம் வீட்டின் யன்னல் வழியே போய்விட்டது.

2021ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

இனி, முன்னர்க் குறிப்பிட்ட விபத்துகளை இக்கணக்கின் ஒளியில் நோக்குவோம். அவற்றை ஆராய அரசு நியமித்த குழு, வாயுவிற் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த விகிதம் மாறியமையை முதன்மையான காரணமாகச் சுட்டியது. விகிதம் மாறினால் வெப்பம் மாறுமா?

நிறையில் நூற்றுக்கு 20 பங்கு புரொப்பேனும் 80 பங்கு பியூட்டேனும் உள்ள கலவை கிராமுக்கு 49.7 கிலோயூலைத் தரும். இரண்டும் சரிபாதியான கலவை 49.9 கிலோயூலைத் தரும். வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. எந்த இல்லத்தரசியும் அதனைக் கேத்தலிற் கண்டுகொள்ள இயலாது. ஆயின் அமுக்கத்தின் நிலை வேறு. புரொப்பேன் மறை 42 பாகையிற் கொதிப்பது. பியூட்டேன் ஏறத்தாழ சுழியப் பாகையிற் கொதிப்பது. 30 பாகை வெப்பநிலையில் தனிப் புரொப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 11 வளிமண்டலம். தனிப் பியூட்டேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 3 வளிமண்டலம். மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் 20க்கு 80 ஆன கலவையில் அமுக்கம் 4.6 வளிமண்டலமளவில் நிற்க, சரிபாதிக் கலவையில் அது 7 வளிமண்டலமளவுக்கு உயரும். ஒன்றரை மடங்கு உயர்ந்த அமுக்கத்தைச் சிலிண்டரின் வாயும் ஒழுங்காக்கியும் குழாயும் இணைப்பும் தாங்கவேண்டியவையாகின்றன. தேய்ந்த இறப்பர் வளையமும் வெடித்த குழாயும் முன்னர்க் காட்டாத குறையை அப்போது காட்டிவிடும். எரிபொருளின் வெப்பத்தை மட்டும் கணித்து அதன் அமுக்கத்தைக் கணியாது விட்டால் பாதிக் கணக்கே செய்தவராவோம்.

கசிந்த வாயுவின் கணக்கையும் செய்து பார்ப்போம். இவ்வாயு காற்றிலும் பாரமானது. ஆதலின் தரையை ஒட்டித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு தொடக்கம் 9 பங்கு வரை கலந்திருக்கையில் ஒரு பொறியாற் பற்றிக்கொள்ளும். 20 கன மீற்றர் கொள்ளளவுள்ள சிறிய அடுக்களையில் 2 பங்கு என்பது 0.4 கன மீற்றர் வாயு. 30 பாகையில் அது ஏறத்தாழ 16 மூல், முக்காற் கிலோகிராமிலும் சற்றுக் குறைவு. அதன் தேறிய வெப்பம் 16 × 2044, அதாவது ஏறத்தாழ 33,000 கிலோயூல். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் தரும் தேறிய வெப்பம் ஏறத்தாழ 34,000 கிலோயூல். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் முழுவதும் ஒரு கணத்தில் அறையெங்கும் எரிந்தால் விளைவது யாதோ அதுவே இங்கும் விளையும். தூய வாயுவுக்கு மணமில்லை. கசிவை மூக்கு அறிதற்காகவே நாற்றமுள்ள கந்தகச் சேர்வை சிறிதளவு அதனுட் கலக்கப்படுகின்றது. நாற்றம் தட்டியதும் யன்னல்களைத் திறத்தலும், மின்னாளியைத் தொடாதிருத்தலும், சிலிண்டரின் வாயை மூடுதலும் வேண்டும் என்னும் அறிவுரைக்கு அடிப்படை இக்கணக்கே.

அடுப்பிற் கணக்குப் பிசகுவதேன்?

ஒரு லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 1000 × 4.18 × 72 யூல், அதாவது ஏறத்தாழ 301 கிலோயூல் வேண்டும். கிராமுக்கு 46 கிலோயூல் தரும் வாயு ஆறரைக் கிராம் போதுமென்பது கடதாசிக் கணக்கு. நடைமுறையில் ஏறத்தாழ இருமடங்கு செலவாகின்றது. சுவாலையின் வெப்பத்திற் பாதியளவு பாத்திரத்தின் விளிம்பைக் கடந்து காற்றிற் கலந்துவிடுவதே காரணம். மூன்று கல் வைத்த விறகடுப்பில் நீருக்குட் செல்வது பெரும்பாலும் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. மூடியிட்டுச் சமைத்தல், சுவாலையைப் பாத்திரத்தின் அடிக்குள் அடக்குதல், காற்றுத் தடுப்பு வைத்தல் ஆகியன ஒரு சதமும் செலவின்றி இவ்விழப்பைக் குறைக்கும். பாதித் திறனுள்ள அடுப்பில் 12.5 கிலோகிராம் வாயு ஏறத்தாழ 950 லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கும் என்பதைக் கணித்துக்கொள்ளல் மாணவர்க்கு நல்ல பயிற்சியாம்.

மற்றோர் இழப்பு முற்றாக எரியாமையால் வருவது. ஒரு மூல் புரொப்பேனுக்கு 5 மூல் ஒட்சிசன் வேண்டுமெனக் கண்டோம். காற்றில் ஒட்சிசன் ஐந்திலொரு பங்களவே உள்ளதாதலின், ஒரு கனவளவு வாயுவுக்கு ஏறத்தாழ 24 கனவளவு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 கனவளவு வேண்டும். காற்றுக் குறைந்தாற் காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகாது, ஒரு பகுதி காபனோரொட்சைட்டாக நின்றுவிடும். அவ்வாறு நிற்கும் ஒவ்வொரு மூலுக்கும் 283 கிலோயூலை இழக்கின்றோம். மூன்று காபன்களும் அவ்வாறாயின் 2220 கிலோயூல் 1371 ஆகக் குறைந்துவிடும். இவ்விழப்பினும் கொடியது அவ்வாயுவின் நஞ்சு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சுவாலை மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியிற் கரி படிந்தால், பணம் விரயமாகின்றது என்பதோடு, அறையின் காற்றும் கெடக்கூடும் என்பதை அறிதல் வேண்டும்.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். மஞ்சட் சுவாலை எப்போதும் பழிக்கத்தக்கதன்று. திரிவிளக்கின் ஒளி, சுவாலையினுள்ளே இன்னும் எரியாத காபன் துணிக்கைகள் வெப்பத்தாற் சுடர்விடுவதனாலேயே உண்டாகின்றது. எரிதல் உடனே முற்றுப்பெற்றால் நீலச் சுவாலை எழும். அதிற் புத்தகம் வாசிக்க இயலாது. அவ்வாறு சுடர்விடும் விளக்கிலும், மண்ணெண்ணெயின் வெப்பத்தில் நூற்றிலொரு பங்குதானும் கட்புல ஒளியாவதில்லை. எஞ்சியது அறையைச் சூடாக்கிப் புகையோடு போய்விடும். எரிபொருள் தடைக் காலத்திற் சிறு போத்தலில் திரியிட்டு, பஞ்சின்மேல் ஊற்றிய சில துளி எண்ணெயைக் கொண்டு இரவிரவாகப் படித்துப் பரீட்சைக்குத் தோற்றிய நம் மாணவர், அந்த நூற்றிலொரு பங்குக்கும் குறைந்த ஒளியிலேதான் படித்தனர். இன்று அவருட் பலர் வைத்தியராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் விளங்குகின்றனர்.

மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் (1822–1884) மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த காலந்தொட்டு, விஞ்ஞானத்தை நம் மொழியிற் சொல்லும் மரபு இம்மண்ணில் வேரூன்றியுள்ளது. அம்மரபின்படி இளைய மாணவர்க்கு ஒரு பயிற்சியை விட்டுச்செல்கின்றோம். திரவ ஒத்தேனின் மூலக்கூற்றில் 8 காபனும் 18 ஐதரசனும் உள்ளன; அது மூலகங்களிலிருந்து உண்டாகும்போது மூலுக்கு 250 கிலோயூல் வெளிப்படும். அதன் தகன வெப்பம் யாது? எட்டுக் காபனுக்கு 3148, ஒன்பது மூல் நீருக்கு 2572.2, கூட்டுத்தொகையிலிருந்து 250ஐக் கழிக்க ஏறத்தாழ 5470 கிலோயூல் வருதல் வேண்டும். வராதவர் தம் சமன்பாட்டை மீண்டும் சமப்படுத்திப் பார்ப்பாராக. வந்தவர் அடுக்களைக்குச் சென்று, வாயுக் குழாயின் இணைப்பிற் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழி எழுகின்றதா எனப் பார்ப்பாராக. கணக்கின் பயன் அங்கேதான் முற்றுப்பெறுகின்றது.